காலுறைக்குள் இரண்டு உருளைக்கிழங்கு

ஹாலந்திலிருந்து கிளம்பிய காலையில் என் பெட்டியில் இருந்தவை: புடவை நான்கு, ஸ்வெட்டர் இரண்டு, ஆய்வுக்கூடக் குறிப்பேடு இரண்டு, பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ், அம்மாவுக்கு ஒரு டப்பா தையல் ஊசி, தங்கைக்குப் பூப்போட்ட கைக்குட்டைகள், அலுவலகத்துக்கு இரண்டு சல்லடை, கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. இடது காலுறைக்குள் ஒரு உருளைக்கிழங்கு. வலது காலுறைக்குள் ஒன்று.

பட்டியல் போடுவது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உள்ள பழக்கம். எங்கே போனாலும், என்ன வாங்கினாலும் எழுதிவைத்துவிடுவேன். அன்று காலை பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னும் எழுதினேன். காலுறை வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். கிழங்கை எழுதவில்லை.

இரண்டு கிழங்குக்கு ஏன் இத்தனை தயக்கம் என்று கேட்பவர்களுக்கு என் வேலையைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொடைக்கானலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். மலைக் கிராமங்களில் மண் எடுத்து வந்து, அதில் உருளைக்கிழங்கு நூற்புழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது செடியின் வேரில் உட்கார்ந்து உறிஞ்சும் புழு. பெண்புழு செத்ததும் அதன் உடம்பே கடுகைவிடச் சின்ன உருண்டையாக, ஒரு கூடாக இறுகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. அந்தக் கூடு மண்ணில் பல வருடம் சாகாமல் கிடக்கும். மண்வெட்டியில் ஒட்டும், செருப்பில் ஒட்டும். எல்லாவற்றையும்விட அதிகமாக, விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து போகம் கழித்து விளைச்சல் பாதியாகும்போதுதான் தெரியும்.

ஆகவே ஊர் ஊராகப் போய் நாங்கள் சொன்னது ஒன்றுதான். வெளியிலிருந்து விதைக்கிழங்கு கொண்டுவராதீர்கள், வெளியே கொடுக்காதீர்கள். சந்தை நாளில் கோயில் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று அதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வேற்றூருக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். பலகாரமும் வளையலும் அப்புறம். அந்த ஊர் மண்ணில் நன்றாக வந்திருக்கும் ஏதாவது ஒன்றில் ஒரு பிடி விதை கொண்டுவர வேண்டும். அம்மா கல்யாணமாகி வந்தபோது மடியில் பூண்டு கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் வேலியோரத்து பீன்ஸ், பெரியம்மா எங்கோ சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்தது. கேட்டு வாங்குவதும் உண்டு, கேட்காமல் கிள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. விதை கொண்டுவராமல் திரும்பியவனைத்தான் சொல்வார்கள், "கல்யாண வீட்டுக்குப் போயி கையக் கழுவிட்டு வந்தவன்" என்று.

அப்பா எங்கள் ஊரான பூண்டியில் விதைக்காரர். பூண்டியில் எல்லாரும் கிழங்கு, பூண்டு, கேரட் என்று போடுகிறவர்கள்தான். ஆனால் விதைக்கிழங்கு வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வில்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் மாறி வந்திருக்கிறார்கள். அப்பா உடனே கொடுத்துவிட மாட்டார். காடு எந்தப் பக்கம் சரிகிறது, வெயில் எப்போது விழும், போன போகம் என்ன போட்டாய் என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பார். அந்தக் கிழங்கு வந்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், அப்பா நீலகிரிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனார். திரும்பும்போது துண்டில் முடிந்து ஆறு கிழங்கு கொண்டுவந்தார். ஆறு கிழங்கைக் கண் கண்ணாக அறுத்து நட்டு, மூன்று வருடம் தின்னாமல் பெருக்கினார். அதுதான் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், பூண்டியில் மண் எடுக்கும் முறை வந்தது. வரிசைப்படி எங்கள் காட்டிலும் எடுத்தேன். கழுவி, வடிகட்டி, நுண்ணோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கூடுகள். சந்தேகத்துக்கு இன்னொரு முறை எடுத்தேன். அப்போதும் இருந்தன. எல்லாக் காட்டுக்கும் எழுதுவதைப் போல எங்கள் காட்டுக்கும் எழுதினேன். இந்தத் தோட்டத்துக் கிழங்கை விதையாக வெளியே கொடுக்கக் கூடாது என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போயிற்று. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான்.

"ஒம் பூதக்கண்ணாடியில பாத்தா எம் மூஞ்சியிலயுந்தான் புழு நெளியும்" என்றார் அப்பா.

"அப்பா, ரெண்டு தடவ பாத்தேங்கப்பா."

"மூணாந்தடவ பாரு. கொம்பு மொளச்சிருக்கும்."

அதற்குப் பிறகு விதை கேட்டு யாரும் வரவில்லை. அப்பா சண்டை போடவில்லை. என்னை 'ஆபீஸர்' என்று கூப்பிட ஆரம்பித்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை வீட்டுக்குப் போனால், "ஏத்தா, ஆபீஸரம்மா வந்திருக்காங்க, காப்பி போடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

அப்போதுதான் மூன்று மாதப் பயிற்சிக்கு என்னை ஹாலந்துக்கு அனுப்பினார்கள். கிளம்பும் நாளில் அப்பா பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். பஸ் திரும்பும் சத்தம் கேட்டதும் சொன்னார்.

"அந்த ஊர்ல புழு திங்காத கெழங்கு இருக்காம்ல. ரேடியோவுல சொன்னான்."

"இருக்குங்கப்பா."

"ரெண்டு கொண்டா. பெருசு வேண்டாம். முட்டைத் தண்டி போதும்."

"அப்படிக் கொண்டுவரக் கூடாதுப்பா. நானே ஊரெல்லாம் சொல்லிட்டு…"

"ஊருக்குச் சொன்னத ஊருக்கு வச்சுக்க. இது வீட்டுக்கு."

'ஆபீஸர்' என்று சொல்லாமல் அவர் என்னோடு பேசியது இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. புழு தாங்கும் விதை கிடைத்தால் மறுபடியும் விதைக்காரராகிவிடலாம் என்று அவர் நினைத்திருந்தது எனக்குப் புரிந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஹாலந்து தட்டையான ஊர். முதல் வாரம் எனக்குத் திசையே பிடிபடவில்லை. எங்கள் ஊரில் ஏற்றம், இறக்கம் என்று இரண்டு திசை உண்டு. அங்கே அந்த இரண்டும் இல்லை. தூரத்தில் ஒரு கோபுரம், அதற்கும் அப்பால் இன்னொரு கோபுரம், நடுவில் கோடு போட்டதுபோல் வாய்க்கால். மேகம் கீழே இறங்கி வரவே வராது. சைக்கிள் பழகிக்கொண்டேன். இரண்டு முறை வாய்க்கால் ஓரத்தில் விழுந்தேன், ஒரு முறை வாய்க்காலிலேயே விழுந்தேன். புடவையோடு எழுந்து வந்தவளைப் பார்த்து ஒரு வாத்து மட்டும் கத்தியது.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை காட்டியவர் ஐம்பது வயதுக்குமேல் உள்ள ஒரு பெண்மணி. அவர் வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தேன். காலையில் ஒரே மேசையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஒரே வழியில் சைக்கிளில் போவோம். அதிகம் பேச மாட்டார். அவர் சொல்லித்தான் நூற்புழுவில் இரண்டு சாதி இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தில் படித்திருந்தேன், பிரித்துப் பார்த்ததில்லை. ஒன்றின் பெண்புழு வேரில் இருக்கும்போது மஞ்சளாக இருக்கும். இன்னொன்றின் பெண்புழு வெள்ளையாகவே இருக்கும். காய்ந்து கூடான பிறகு இரண்டும் ஒரே பழுப்பு. அப்போது கூட்டின் ஒரு முனையைச் சீவி எடுத்து, கண்ணாடியில் வைத்து, அங்கே உள்ள வரிகளை எண்ண வேண்டும். ஒன்றுக்கு வரிகள் அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு. எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை.

உரிய அனுமதித் தாளோடு கொடைக்கானலிலிருந்து காய்ந்த கூடுகளைச் சின்னச் சின்னச் சீசாக்களில் கொண்டுபோயிருந்தேன். மேல் எண் மட்டும் ஒட்டியிருக்கும். முதல் இரண்டு மாதம் பழகுவதற்கு அவர்கள் ஊர்க் கூடுகள். மூன்றாம் மாதம் எங்கள் ஊர்ச் சீசாக்களைத் திறந்தேன். ஒவ்வொன்றாகச் சீவி, எண்ணி, எழுதினேன். பெரும்பாலான சீசாக்களில் மஞ்சள் சாதி மட்டும்தான் இருந்தது. ஐந்து சீசாவில் மட்டும் வெள்ளையும் கலந்திருந்தது.

எந்த எண் எந்தத் தோட்டம் என்ற பட்டியல் என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அன்று மதியம் அதைத் திறந்து பார்த்தேன். ஐந்தில் ஒன்று எங்கள் காடு. மீதி நான்கு தோட்டக்காரர்களும் அப்பாவிடம் விதை வாங்கியவர்கள். மஞ்சள் மட்டும் இருந்த சீசாக்களில் அப்பாவிடம் வாங்கியவர் காடு ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை எண்ணினேன். பெண்மணியையும் எண்ணச் சொன்னேன். அவர் எண்ணி, தாளில் எழுதி, என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது.

"புழு தின்னாத கிழங்கு என்கிறீர்களே, அது இரண்டுக்கும் தாங்குமா?" என்று கேட்டேன்.

"இப்போது நாங்கள் சாப்பிடுகிற ரகம் மஞ்சளுக்குத் தாங்கும். வெள்ளைக்குத் தாங்காது. அதற்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கிளம்புவதற்கு முதல் நாள் அவர் சமையலறைக் கூடையிலிருந்து முட்டை அளவில் இரண்டு கிழங்கைப் பொறுக்கி, "இதை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். அவர் நான் வழியில் அவித்துத் தின்னக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பெரியதாக எடுத்துக்கொள், விமானத்தில் சாப்பாடு கொஞ்சம்தான் கொடுப்பார்கள்" என்றார். நான் சின்னதையே எடுத்தேன். குழாயில் மூன்று முறை கழுவினேன், துடைத்தேன், காலுறைக்குள் விட்டேன். எதற்காக எடுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் ஒரே வரியில் சொல்ல முடியாது. அப்பா முன்னால் வெறுங்கையோடு நிற்க முடியவில்லை என்பதுதான் அதில் பெரிய பங்கு.

சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலோட்டமாகக் கையை விட்டவர் காலுறையைப் பிடித்ததும் நின்றார்.

"என்னம்மா இது, சாக்ஸுக்குள்ள? தங்கமா?"

"உருளைக்கிழங்குங்க."

அவர் வெளியே எடுத்தார். மற்றதையும் எடுத்தார். இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "சார், இங்க பாருங்க. எல்லாரும் டேப்ரெக்கார்டர் கொண்டு வராங்க. இந்தம்மா ஹாலந்துலேர்ந்து உருளைக்கிழங்கு கொண்டு வருது." இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற வரிசையும் சிரித்தது.

"பறிமுதல் பண்ண வேண்டியதுதானேங்க?" என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படி நடந்துவிட்டால் நல்லது என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"எதுக்கு? போண்டா போடவா? போம்மா, வீட்டுல போய்ப் போடு." பெட்டியின் மேல் சாக்கட்டியால் ஒரு குறி போட்டுத் தள்ளிவிட்டார்.

அன்று மாலை திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறினேன். ஜன்னலோர இடம். தாம்பரம் தாண்டியதும் குறிப்பேட்டை எடுத்து, இந்தப் பயணத்தில் கற்றவை என்று தலைப்புப் போட்டேன். கூடு பிரிக்கும் முறை, சல்லடை வரிசை, சைக்கிள், பச்சை மீன் நாறினாலும் மூக்கைச் சுளிக்காமல் இருப்பது என்று ஒன்பது வரி வந்தது. பத்தாவதாக எதுவும் வரவில்லை.

மூன்று மாதமும் என்னை யாருக்கும் தெரியாது. எங்கே போகிறாய், யாரைப் பார்த்தாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க ஆள் இல்லை. முதலில் அது பயமாக இருந்தது, பிறகு சௌகரியமாக இருந்தது. ஊரில் நான் ஒழுங்கானவள் என்று பெயர். அந்த ஒழுங்கில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையது என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆளில்லாத ஊரில் நான் செய்த ஒரே தப்புக் காரியம் எங்கள் வீட்டில் எல்லாரும் செய்கிற காரியம்தான். வேற்றூருக்குப் போய் விதையோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கோயில் முன்னால் ஸ்டூலில் ஏறி நின்று நான் திட்டிய ஆட்களில் நானும் சேர்ந்துவிட்டேன் என்பது விழுப்புரம் வரும்போது தெளிவாகிவிட்டது. கிழங்கு மலைக்கு ஏறக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் எவ்வளவு சொல்வது என்பது முடிவாகவில்லை. அந்த நான்கு தோட்டங்களைச் சொல்ல வேண்டியதில்லை, அலுவலகத்திலிருந்து அவரவருக்குக் கடிதம் போகட்டும் என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே வந்தது.

அப்பா மறுநாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிவருவதாகவும், அங்கே வந்துவிட்டால் அதே லாரியில் மலைக்குப் போய்விடலாம் என்றும் தங்கை எழுதியிருந்தாள். காலையில் திண்டுக்கல்லில் இறங்கி பஸ் பிடித்துப் போனேன். மார்க்கெட்டில் பாதி சரக்கு ஏலம் முடிந்திருந்தது. முட்டைக்கோஸ் இலை மிதிபட்டு வழுக்கியது. அப்பா ஒரு கமிஷன் கடை வாசலில் காலிச் சாக்குகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை முதலில் பார்த்தது லாரி டிரைவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர், அப்பாவைச் சித்தப்பா என்பார்.

"சித்தப்பா, ஒங்க வெள்ளைக்காரி வந்தாச்சு! என்ன தங்கச்சி, வெளிநாட்டுல மூணு மாசம் இருந்துட்டுக் கறுத்துப்போயி வந்திருக்க?"

"சைக்கிள்ல சுத்துனேண்ணே."

"சைக்கிள் ஓட்டவா கவர்மெண்டு ஏரோப்பிளேன்ல அனுப்புச்சு?"

அப்பா சாக்கைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "சாப்ட்டியா?" என்றார். எதிரில் இருந்த மெஸ்ஸுக்குப் போனோம். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேங்கப்பா."

பெட்டியைத் திறந்து இரண்டையும் மேசையில் வைத்தேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். துண்டால் கையைத் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தார். கட்டை விரலால் கண்களைத் தடவி எண்ணினார். நகத்தால் தோலை லேசாகக் கீறி மோந்து பார்த்தார்.

"ஆறு கண்ணு. தோலு அழுத்தமாக் கெடக்கு. நல்ல கெழங்கு."

"அப்பா, இத மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இவ்வளவு தூரம் கொண்டாந்ததே நான் செஞ்ச தப்பு."

"சரி, ஆபீஸர் ஆரம்பிச்சிட்டாங்க."

"ஆபீஸுக்காகச் சொல்லலப்பா. இது ஒரு புழுவுக்குத்தான் தாங்கும், மஞ்சப் புழுவுக்கு. நம்ம காட்டுல வெள்ளப் புழுவும் இருக்கு. அதுக்கு இது தாங்காது. நட்டாலும் மூணாம் போகத்துல போயிரும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் எண்ணிப் பாத்தேன். நம்ம காட்டுப் புழுக்கூட்டச் சீசாவுல போட்டுக் கொண்டுபோயிருந்தேன்."

அப்பா கிழங்கைக் கீழே வைத்தார். அவர் தோளில் ஒரு குலுக்கல் வந்தது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான் மெட்ராசே பாத்ததில்ல. எங்காட்டுப் புழு ஏரோப்பிளேன் ஏறிப் போயி ஹாலந்து பாத்திருக்கு."

பிறகு மெஸ்காரரைக் கூப்பிட்டு இரண்டு கிழங்கையும் கொடுத்தார். "அண்ணே, இத அவிச்சுக் குடுங்க."

"ஏங்க, எங்கடை மசாலாவுல போடுற கெழங்கு ஒங்களுக்கு ஆகலியோ? வீட்டுலேர்ந்து கட்டிட்டு வாரீங்க?"

"இது மருந்துக் கெழங்குண்ணே. வைத்தியரம்மா குடுத்தது" என்று என்னைக் காட்டினார் அப்பா.

கிழங்கு வேகும் வரை ஊர்ச் செய்தி சொன்னார். மழை பெய்தது, தங்கைக்குக் காய்ச்சல் வந்து போனது, பூண்டு விலை. கிழங்கு ஒரு கிண்ணியில் வந்தது. ஆளுக்கு ஒன்று உரித்தோம். அப்பா ஒரு விள்ளலை வாயில் போட்டு மெதுவாக அசைபோட்டார். "மாவாட்டம் இருக்கு. நம்ம கெழங்கு அளவுக்கு ருசி இல்ல" என்றார். அடுத்த விள்ளலை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெள்ளப் புழு வேற யாரு காட்டுல இருக்கு?"

நான் தண்ணீர் குடித்தேன்.

"நாலு காட்டுலப்பா."

"யாரு யாரு?"

வில்பட்டியில் கிணற்றுக்காட்டுக்காரர் என்றேன். பூண்டியில் பெரியப்பா வீடு என்றேன். மற்ற இரண்டையும் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"மத்தவங்க காட்டுல?"

"மஞ்சள் மட்டுந்தான்."

விள்ளலைக் கிண்ணியில் வைத்துவிட்டார். வெளியே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப வெள்ளப் புழு நீலகிரியிலேர்ந்து வந்தது. எந்துண்டுல."

"அப்படித்தான் தெரியுதுப்பா. நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது."

"எங்கிட்ட வாங்குன நாலு பேரு காட்டுலயும் இருக்கு, வாங்காதவன் காட்டுல இல்ல. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"அப்ப யாருக்கும் இதெல்லாம் தெரியாது. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டேதான நீயும் கொண்டாந்த?"

"ஆமாப்பா" என்றேன். மறுநாள் அலுவலகத்தில் என் அதிகாரியிடம் இதைச் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அவர் கோபத்தைத் தாங்க முடிந்தது. மெஸ்ஸில் அப்பா கேட்ட கேள்விதான் கூடவே இருந்தது.

அப்பா கிண்ணியைத் தள்ளிவைத்தார். பிறகு கேட்டார், "அந்த நாலு பேருக்கும் தெரியுமா?"

"இன்னும் இல்ல. ஆபீஸ்ல இருந்து கடிதம் போகும். யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு அதுல எழுத மாட்டாங்க."

"கடிதம் எப்பப் போகும்?"

"ஒரு மாசம் ஆகும்."

"கெணத்துக்காட்டான் போன போகத்துக் கெழங்குல விதை எடுத்து வச்சிருக்கான். கொழுந்தியா வீட்டுக்குக் குடுக்கப் போறேன்னு போன வாரம் சந்தையில சொன்னான். அவுங்க காட்டுல ஒண்ணும் இல்லியே?"

அந்தக் கொழுந்தியா ஊரிலும் நான்தான் மண் எடுத்திருந்தேன். "சுத்தமான காடுப்பா" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து, "வெரசாச் சாப்புடு. போற வழியில வில்பட்டியில ஒரு சோலி இருக்கு" என்றார்.

லாரியில் நான் நடுவில் உட்கார்ந்தேன். மலை ஏறும் வரை டிரைவர் என்னிடம் ஹாலந்தில் லாரி எப்படி, டீசல் என்ன விலை, அங்கே மலையே இல்லையென்றால் டிரைவருக்கு என்ன மரியாதை என்று கேட்டுக்கொண்டே வந்தார். வளைவுகளில் அப்பாவின் தோள் என் மேல் சாயும்போது அவர் விலகிக்கொள்ளவில்லை. பாதி மலையில் குளிர் வந்தது. ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

வில்பட்டியில் லாரியை நிறுத்தச் சொல்லி அப்பா இறங்கினார். "நீ இரு" என்றார். கிணற்றுக்காட்டுக்காரரின் தோட்டம் ரோட்டுக்குக் கீழே, படிப்படியாக இறங்கியிருந்தது. அவர் மூன்றாம் படியில் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அப்பா இறங்கிப் போவதும், அவர் மண்வெட்டியை நட்டுவிட்டுக் கை நீட்டி வரவேற்பதும் மேலே இருந்து தெரிந்தது. பேசுவது கேட்கவில்லை.

"சித்தப்பா என்ன சோலியாப் போயிருக்காரு? ஒனக்கு மாப்பிள்ள பாக்கவா?" என்றார் டிரைவர்.

"விதை விஷயமா."

"அடேயப்பா, வந்து எறங்குன அன்னைக்கே வியாபாரமா?"

கீழே கிணற்றுக்காட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். சத்தமாக ஏதோ சொன்னார். அப்பா கையைத் தொங்கவிட்டபடி நின்றார். சத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது, வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி வெளியே வந்து பார்த்தார். நான் கதவைத் திறந்தேன். அதற்குள் அப்பா மேலே பார்த்துக் கையசைத்தார். வரச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா என்று யோசிக்கவில்லை, இறங்கிவிட்டேன்.

நான் போய் நின்றதும் கிணற்றுக்காட்டுக்காரர் என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, ஒங்கப்பா என்னமோ வெள்ளங்கிறாரு மஞ்சங்கிறாரு. கண்ணால காட்டு. காட்டாம நான் ஒத்துக்க மாட்டேன்."

பக்கத்துப் படியில் கிழங்குச் செடி பூவில் இருந்தது. ஓரத்தில் சோர்ந்து நின்ற ஒரு செடியைச் சுற்றி மண்ணை இளக்கி, வேர் அறாமல் பிடுங்கினேன். வாய்க்கால் தண்ணீரில் அலசி உள்ளங்கையில் விரித்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை. முடி போன்ற வேர்களில் ஊசித்தலை அளவில் உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தது. சில மஞ்சள். நிறைய வெள்ளை. நான்கு தலைகளும் அதன் மேல் குனிந்தன. அப்பா அதை அதுவரை பார்த்ததில்லை. இரண்டு வருடமாக நான் சொன்னதை முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"முத்துக் கோத்தாப்புல அழகாத்தான் இருக்கு" என்றார் கிணற்றுக்காட்டுக்காரரின் மனைவி.

"ஆமா, கழுத்துல போட்டுக்க" என்றார் அவர். இன்னொரு செடியைக் காட்டிப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். அதிலும் இருந்தது. மூன்றாவதைக் கேட்கவில்லை. தொங்கிய வேரைப் பார்த்தபடியே, "அப்ப அந்த விதைய என்ன செய்ய?" என்றார்.

"அவிச்சுத் தின்னலாங்க. நடத்தான் கூடாது. குடுக்கவும் கூடாது."

"ரெண்டு மூட்ட இருக்கு. எத்தன நாளைக்குத் தின்ன?" அவருடைய கோபம் போய்விடவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்துக் கேட்டார், "கொழுந்தியா வீட்டுல மண்ணக் கொத்திப் போட்டுட்டு விதைக்கு உக்காந்திருக்காக. இப்ப நான் யார்ட்டப் போயி விதை கேக்க?"

பதினாறு வருடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. அப்பா வாய்க்கால் தண்ணீரில் கையைக் கழுவினார். நிமிர்ந்து அவரைப் பார்த்து, "எங்கிட்ட இல்ல" என்றார்.